தோர்ண்டன் ஹீத் ரெக்டரும் சுன்னாகத்து ஆடும்

லண்டன் மாநகரத்தில் இதுவரை குடியிருந்த தமிழர்களில், பதினெட்டாம் நூற்றாண்டில் குடித்தனம் நடத்திக்கொண்டு இருபத்தோராம் நூற்றாண்டுக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வந்தவர் எங்கள் ரெக்டர் ஒருவர்தான். வேறு யாராவது உண்டென்று சொல்பவர்கள் ஆசிரியருக்கு எழுதலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். சுத்த சைவர். காலையில் நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயில். ஆனால் தெருவில், கோயிலில், மளிகைக்கடையில் எல்லாருக்கும் அவர் ரெக்டர்தான். அவர் மனைவி மலர் அக்காவே, "எங்கட ரெக்டர் எழும்பிட்டாரோ?" என்றுதான் கேட்பார்.

ரெக்டர் என்றால் இங்கிலாந்தில் ஓர் ஊர்த் தேவாலயத்துக்குப் பொறுப்பான பாதிரியார். இருநூறு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய வீடு, கொஞ்சம் நிலம், பசு, பன்றி, இவற்றோடு ஏகப்பட்ட பிள்ளைகளும் இருக்கும். அந்தப் பிள்ளைகள் கல்யாணமாகியும் வேலைக்காகவும் ஊர் ஊராகப் போய்விட, குடும்பம் முழுவதும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித் தள்ளும். நம்மவர் ஒரு மாலை நேர வகுப்பில் பழைய ஆங்கிலக் கையெழுத்துப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போனார். ஓய்வு நேரத்துக்கு ஏதாவது வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. அங்கே பயிற்சிக்கென்று ஒரு ரெக்டர் குடும்பத்துக் கடிதங்களின் நகலைக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் அந்தக் கடிதத்துக்குள்ளேயே குடிபோய்விட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் குடிபோன முதல் வாரம், காலைச் சாப்பாட்டு மேசையில் நடந்த உரையாடல் இது.

"ஹாரியட்டுக்கு இன்னும் காய்ச்சல் விடேல்லை" என்றார் ரெக்டர்.

மலர் அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே, "வைத்தியர் வந்தவரோ?" என்றார்.

"வந்தவர். ரத்தம் எடுத்துப்போட்டுப் போனவர்."

ரத்தப் பரிசோதனை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும், நாமும் மனிதத்தன்மையோடு நடந்துகொள்வோம் என்று, சீக்கிரம் குணமடைய வாழ்த்தும் கார்டு ஒன்று வாங்கிவந்து சனிக்கிழமை அவரிடம் கொடுத்தேன்.

"சார், ஹாரியட்டுக்கு இப்போ பரவாயில்லையா?"

"அவ செத்துப்போனா, தம்பி."

"ஐயையோ! எப்ப சார்?"

"அது ஒரு இருநூறு வருசத்துக்கு மேல. நீர் இரும், தேத்தண்ணி குடியும்."

கார்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஹாரியட்டின் கடித நகல்களோடு சேர்த்து அந்தக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். அவளுக்கு இவ்வளவு காலம் கழித்து ஒரு விசாரிப்பு வந்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

குடும்பத்தைப் படித்ததோடு விட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனிதர் அவர்களைப் போலவே வாழ ஆரம்பித்தார். ரெக்டர் வீடுகளில் குளிர்காலத்தில் ஓர் அறையில் மட்டும்தான் நெருப்பு மூட்டுவார்களாம். ஆகவே எங்கள் வீட்டிலும் முன்னறையில் மட்டும் ஹீட்டர். டிசம்பர் மாதம் முழுக்க நாங்கள் அனைவரும் அந்த ஒரே அறையில் போர்வையும் கையுமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "இது கஞ்சத்தனம் இல்லையா சார்?" என்று பல் தந்தியடிக்கக் கேட்டேன். "இல்லைத் தம்பி, சரித்திரம்" என்றார்.

முக்கியமான விஷயங்களைக் கடிதத்தில்தான் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. மனைவிக்கும் அப்படித்தான். மலர் அக்கா சமையலறையில் நிற்பார். இவர் முன்னறையில் உட்கார்ந்து, 'நாளை மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் நல்லது' என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, தபால்தலை ஒட்டி, மழையில் நனைந்துகொண்டு தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவார். கடிதம் மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு வந்து சேரும். அக்கா அதைப் படித்துவிட்டு, "இஞ்சேருங்கோ! நேற்றுச் சொல்ல வாயில்லையே உங்களுக்கு?" என்று கத்துவார். "பதில் எழுதும்" என்று முன்னறையிலிருந்து குரல் வரும். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்குக் கிட்ட. அந்த அம்மாளின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

அந்தக் காலத்தில் காகிதம் அருமை. ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும், தாளைத் திருப்பிப் பிடித்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மேலேயே எழுதுவார்களாம். ரெக்டர் இந்த முறையில் கவுன்சிலுக்கு ஒரு புகார் அனுப்பினார். குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருவதில்லை என்பது விஷயம். கவுன்சிலிலிருந்து மிக மரியாதையாகப் பதில் வந்தது. தங்கள் கடிதம் எந்த மொழியில் உள்ளது என்று தெரிவித்தால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தார்கள். அதற்கும் குறுக்கு மறுக்காகவே பதில் எழுதினார். அத்தோடு கவுன்சில் வாயை மூடிக்கொண்டது.

பிறகு வைன். ரெக்டர் வீட்டுப் பெண்கள் தோட்டத்துப் பழத்தில் வைன் போடுவார்களாம். இவர் வாயில் ஒரு சொட்டு வைக்காதவர். ஆனாலும் நெல்லிக்காய் மாதிரி ஒரு பழத்தை வாங்கிவந்து, சீனி போட்டு, போத்தல்களில் இறுக அடைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. நானும் அக்காவும் எழுந்து நின்றோம். இன்னொரு வாடகைக்காரனான ஜெயந்தன், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே வளர்ந்த பையன், தட்டோடு மேசைக்கு அடியில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டான். படுத்தவன் எங்களையும் கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். ரெக்டர் குனிந்து அவன் தோளைத் தட்டி, "ஷெல் இல்லை தம்பி, வைன். எழும்பும்" என்றார். அன்றோடு வைன் போடுவதை நிறுத்தினார். மிச்சமிருந்த போத்தல்களை மறுநாளே கொண்டுபோய்க் கொட்டினார்.

ஜெயந்தனைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இனிமேல் வருவதெல்லாம் அவன் பிழைப்பு. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகிச் சில மாதங்களில் நாட்டைவிட்டு வந்து, வழக்காடி, இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கியிருந்தான். மனைவி சுமதி ஊரிலேயே இருந்தாள். அவளைக் கூப்பிட்டுக்கொள்ள விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். அவனோடு என்ன பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். குளிர் ஜாக்கெட் வாங்கினால்கூட, இது சுமதிக்குச் சரியாக இருக்குமா என்று என்னைப் போட்டுப்பார்க்கச் சொல்வான்.

இப்போது வீட்டின் தலையாய சட்டத்துக்கு வருகிறேன். ரெக்டர் வீடுகளில் கடிதம் தனிச்சொத்து கிடையாது. யார் பெயருக்கு வந்ததோ அவர்தான் பிரிக்கவேண்டும். ஆனால் பிரித்தபின் சாப்பாட்டு மேசையில் குடும்பம் முழுவதற்கும் உரக்க வாசிக்கவேண்டும். எங்கள் வீட்டிலும் அதேதான். ஆறு மணிக்குச் சாப்பாடு, ஆனதும் வாசிப்பு. வாசிப்பவர் எப்போதும் ரெக்டர். தேதி, முகவரி, குறிப்பு எண் எதையும் விடமாட்டார். எனக்கு வந்த கிரெடிட் கார்டு விளம்பரத்தை ஒருநாள் அவர் வாசித்த உருக்கத்தில், எனக்கே அந்த வங்கியின்மேல் ஓர் அனுதாபம் வந்துவிட்டது. வெளியூரில் படிக்கும் அவர் மகன் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸையும் ஒரு தாளில் எடுத்தெழுதி வாசிப்பார். "'ஓகே அப்பா.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறான். காலநிலை பற்றி ஒண்டும் இல்லை."

என் அம்மாவின் கடிதங்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. "உம்மட அம்மா வடிவா எழுதுறா. ஆனா பக்கத்து வீட்டாக்கள் ஏன் வீட்டை வித்தவை எண்டு சொல்லாமல் விட்டிட்டா. கேட்டு எழுதும்" என்பார். கேட்டு எழுதினேன். என்ன செய்ய, எனக்கும் தெரியவேண்டியிருந்தது.

ஜெயந்தனுக்கு சுமதியிடமிருந்து முதல் கடிதம் வந்த அன்று அவன் அதைச் சட்டைக்குள் ஒளித்தான். சட்டம் சட்டம்தான் என்று ரெக்டர் கையை நீட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தேதியை வாசித்தார். அடுத்த வரி:

"'என்ர செல்லக் குஞ்சுக்கு, நேற்று இரவு முழுக்க உங்கட சட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு...'"

நிறுத்தினார். மலர் அக்கா மேசைவிரிப்பின் பூக்களை ஆராய்ந்தார். எனக்குத் தாங்க முடியாத இருமல் வந்தது. ஜெயந்தன் முகம் செக்கச் சிவந்துவிட்டது.

ரெக்டர் கடிதத்தை மடித்து அவனிடம் கொடுத்தார். "தம்பி, இது மேசைக்குரிய கடிதம் இல்லை. ரெக்டர் வீட்டு ஆக்கள் உப்பிடி எழுதமாட்டினம். சுகம் விசாரிச்சு, ஆடு மாடு எப்பிடி, மழை எப்பிடி, ஆர் வந்தது ஆர் போனது, எல்லாம் விபரமா எழுதுவினம். அன்பு அதுக்குள்ளயே நிக்கும். பிள்ளைக்குச் சொல்லும்."

அப்பாவி ஜெயந்தன் அதைப் போனில் அவளிடம் சொல்லியும்விட்டான். அவள் கோபித்துக்கொண்டு எழுதுவதையே நிறுத்தியிருக்கலாம். சுமதி கெட்டிக்காரி. அடுத்த கடிதம் முதல் ஆரம்பித்தது பாருங்கள்! பழுப்பு ஆடு சினையாக இருப்பது, கிணற்றில் தண்ணீர் வற்றுவது, மாமியாருக்கு முழங்கால் வீங்கியது, பக்கத்துக் காணிக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது, எல்லாம் அப்படியே கண்முன்னால் வந்தன. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று வரும். நாங்கள் பித்துப்பிடித்து அலைந்தோம். நான் ஆபீஸ் பார்ட்டியை விட்டுவிட்டு ஆறு மணிக்குள் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறேன். அக்கா கதவைத் திறந்ததும் முதலில் சொல்வது, "ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, தம்பி! கெதியா கை கழுவிப்போட்டு வாங்கோ" என்பதுதான். ஒரு குட்டி செத்த அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் இடி விழுந்தது. சுமதியின் விசாவை மறுத்துவிட்டார்கள். இது உண்மையில் நடப்பில் உள்ள திருமணம்தான் என்று திருப்தி ஏற்படவில்லையாம். புருஷனும் பெண்சாதியும் இத்தனை காலம் தொடர்பில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். போன் பேசியதெல்லாம் போன் கார்டில். சுரண்டி, எண்ணை அடித்துப் பேசிவிட்டுக் குப்பையில் போடுவது. அதற்கு ஏது ஆதாரம்? கடிதங்கள் வரத்தொடங்கியதே விண்ணப்பம் போன பிறகுதான்.

அந்தக் கடிதத்தையும் ரெக்டர்தான் மேசையில் வாசித்தார். வாசித்து முடித்ததும் ஜெயந்தன் எழுந்து போய்த் தட்டைக் கழுவினான். கழுவின தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றான். மலர் அக்கா போய் அவன் கையிலிருந்து அதை வாங்கினார். "விடுங்கோ தம்பி. அப்பீல் இருக்கு" என்றார்.

"அதுவும் இல்லையெண்டால் அவள் என்னை விட்டிட்டுத்தான் வாழவேணும் அக்கா" என்றான் ஜெயந்தன். "எனக்குத் திரும்பிப் போகவும் ஏலாது."

லோயர் ஒருவரைப் பிடித்தோம். தமிழர், பரபரப்பான மனிதர். சுமதியின் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருப்பதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். இதைவிட ஆதாரம் வேண்டாம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுங்கள் என்றார். மொழிபெயர்ப்பு வந்தது. படித்தார். அப்புறம் துள்ளவில்லை.

"அண்ணை, இதில ஒரு இடத்திலயாவது 'உங்களில ஆசையா இருக்கு' எண்டு இருக்கோ? முழுக்க ஆடுதானே நிக்குது!"

"அது பதினெட்டாம் நூற்றாண்டில..." என்று ரெக்டர் ஆரம்பித்தார்.

"ஐயோ! வீட்டுக்காரர் எண்டு சாட்சி சொல்ல வாறீங்கள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. பதினெட்டாம் நூற்றாண்டு எண்டு அங்க வாய் திறக்கப்படாது. சரியோ?"

"ஓம், திறக்கமாட்டன்" என்று ரெக்டர் சத்தியம் செய்தார்.

அப்பீல் விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறை போன்ற இடத்தில் நடந்தது. நீதிபதி நரைத்த தலைமுடியுள்ள அம்மாள். வெள்ளை விக் எதுவும் அணியாமல் சாதாரண கோட்டோடு வந்தார். ரெக்டருக்கு அதில் பெரிய ஏமாற்றம். அரசாங்கத் தரப்பில் சக்கரம் வைத்த பெட்டியில் கோப்புகளை இழுத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்திருந்தார். பின் பெஞ்சில் நானும் மலர் அக்காவும் இருந்தோம்.

இளைஞர் முதலில் ஜெயந்தனை விசாரித்தார். மனைவியின் கடிதங்களைப் படித்தீர்களா? படித்தேன். அப்படியானால் வீட்டுக் கிணறு எப்போது வற்றியது? ஜெயந்தன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. பயத்தில் பையனுக்குத் தன் பெயரே மறந்திருக்கும்.

"சித்திரையில!" என்றார் மலர் அக்கா பின் பெஞ்சிலிருந்து.

நீதிபதி நிமிர்ந்து பார்த்து, யாரும் குறுக்கே பேசக்கூடாது என்றார். இளைஞர் அடுத்த கேள்வியைப் போட்டார். உங்கள் அம்மாவுக்கு எந்தக் காலில் வீக்கம்? ஜெயந்தன் தன் கால்களையே மாறி மாறிப் பார்த்தான். "இடது" என்று ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. அது என்னுடைய குரல் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. நீதிபதி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த இருவரும் யார்?"

"ஒருவர் வீட்டுக்காரரின் மனைவி, மற்றவர் வாடகைக்காரர்" என்றார் லோயர், எங்களைப் பார்க்காமல்.

"இவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

லோயர் கண்ணை மூடிக்கொண்டார். ரெக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கோட்டு, டை, திருநீறு சகிதமாகப் போய் உட்கார்ந்தார்.

"இந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" இது இளைஞர்.

"எல்லாம் தெரியும். நான்தான் வாசிப்பேன்."

"இன்னொருவரின் மனைவி எழுதும் கடிதங்களை நீங்கள் வாசிப்பீர்களா?"

"உரக்க. சாப்பிட்ட பிறகு."

"எதற்காக?"

"பதினெட்டாம் நூற்றாண்டில்..." என்றார் ரெக்டர்.

சத்தியம் முதல் 'எதற்காக'வைத் தாண்டவில்லை. அதற்கப்புறம் ஒரு ரெக்டர் வீட்டில் கடிதம் எப்படி வரும், யார் பிரிப்பார்கள், யார் வாசிப்பார்கள், வாசிக்கும்போது பெண்கள் என்ன தைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எல்லாம் சொன்னார். நீதிபதி தடுக்கவில்லை. லோயர் தலையைக் கையில் தாங்கியிருந்தார்.

இளைஞர் விடவில்லை. "எல்லாம் சரி. இவற்றில் கணவன் மனைவிக்குள் இருக்கவேண்டிய ஒரு வார்த்தைகூட இல்லையே. கால்நடை மருத்துவமனையின் அறிக்கை மாதிரி அல்லவா இருக்கிறது?"

ரெக்டர் ஜெயந்தன் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு நீதிபதியை நோக்கி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

"அம்மா, அந்தப் பிழை என்னுடையது. முதல் கடிதத்தில் அந்தப் பிள்ளை ஆசையாக எழுதினாள். நான்தான் கூடாதென்றேன். ஆனால் ஒன்று. விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்பவர்கள் என்ன எழுதுவார்கள்? அன்பே, உயிரே, நிலவே என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதற்குச் செலவில்லை. ஆட்டுக்கு வயிற்றால் போனதை, எந்தத் தழை கொடுத்தார்கள், எப்போது நின்றது என்பது வரைக்கும், ஒருநாளும் கூட வாழாத ஒருத்தனுக்கு யாராவது எழுதுவார்களா? அவன் வீட்டில் இல்லாததை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கொல்லைப்புறத்தில் நிற்கிறான் என்று நினைத்து எழுதுகிறாள்."

நீதிபதி அம்மாள் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, "அது நின்றதா?" என்று கேட்டார்.

"எது?"

"ஆட்டுக்கு."

"ஓம்" என்றார் மலர் அக்கா. இந்த முறை யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். அந்தக் காத்திருப்பை நான் எந்த எதிரிக்கும் விரும்பமாட்டேன். ரெக்டர் கடித நகல்களையெல்லாம் கட்டித் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுவிட்டார். மேசையில் வாசிப்பு நின்றது. எல்லா அறையிலும் ஹீட்டர் ஓடியது. அவர் எங்களோடு பஸ் கட்டணம், கிரிக்கெட் என்று மற்ற மனிதர்களைப்போலப் பேச ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"விசர் இருந்தாலும் பரவாயில்லை. மனுசன் இப்பிடி ஒழுங்கா இருக்கிறதைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்று மலர் அக்கா என்னிடம் கண்ணைத் துடைத்தார்.

ஒருநாள் ரெக்டரே சொன்னார். "தம்பி, அந்தப் பிள்ளை நாலு வரி ஆசையா எழுதியிருந்தாக் காணும், கோர்ட்டில ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டாங்கள். நான்தான் மறிச்சனான். செத்த ஆக்களின்ர குடும்பம் எண்டு நினைச்சு, உயிரோட இருக்கிற குடும்பத்தில விளையாடிப்போட்டன்."

"அப்படியெல்லாம் இல்லை சார்" என்றேன். நம்பவில்லை மனிதர்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த உறை வந்தது. ஜெயந்தன் ஷிப்டில் இருந்தான். "உடைச்சுப் பாருங்கோ!" என்று மலர் அக்கா கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். "அவன்ர பேருக்கு வந்தது" என்று ரெக்டர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டை மாட்டினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் போகும்போது அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பெட்ரோல் நிலையத்தில் வரிசை. முறைப்படி வரிசையில் நின்றோம். முன்னால் ஒருவர் பாலும் பேப்பரும் வைத்திருந்தார். எங்கள் முறை வந்ததும் ரெக்டர் உறையைக் கண்ணாடிக்குக் கீழே உள்ளே தள்ளினார். ஜெயந்தன் பார்த்தான். உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாள்களை எடுக்காமல் அப்படியே வெளியே தள்ளினான்.

"நீங்களே வாசியுங்கோ அண்ணை."

தேதியும் குறிப்பு எண்ணும் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காத மனிதர், தாள்களை மளமளவென்று புரட்டிக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்குப் போனார். "அப்பீல் அனுமதிக்கப்படுகிறது" என்றார். ஜெயந்தன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லாவின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அத்தோடு விட்டாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி, முகவரியிலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். வரிசை கதவு வரைக்கும் நீண்டது. ஆடு வரும் பத்தியில் பின்னாலிருந்து யாரோ, "கொஞ்சம் சத்தமாக" என்றார்கள்.

மேசை வாசிப்பு மறுபடி தொடங்கிச் சில கடிதங்கள் ஆனபின் சுமதி வந்தாள். அன்று விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றாள். ஜெயந்தன் அவளைப் பார்த்தபடி மரம்போல நின்றான். அவளும் அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தை யார் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

ரெக்டர் முன்னால் போனார்.

"பிள்ளை, மச்சாள் இப்ப உம்மோட கதைக்கிறாவோ? போன கடிதத்தில மூண்டு மாதமாக் கதையில்லை எண்டு எழுதியிருந்தீர்."

சுமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

"ஓம் அண்ணை. ஏத்திவிட வந்தவா. கட்டிப்பிடிச்சு அழுதவா" என்றாள். அப்படிச் சொன்னவள் அங்கேயே உடைந்து அழுதாள். அதன் பிறகுதான் ஜெயந்தனுக்குக் காலும் கையும் வந்தன.

ரெக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார் பார்க்கிங் டிக்கெட்டை எல்லாப் பையிலும் தேடினார். டிக்கெட் அவர் கையிலேயே இருந்தது. "உந்த மனுசன் அழுறார், பாருங்கோ" என்று மலர் அக்கா அந்தக் கூடமே கேட்கச் சொன்னார்.

நான் நின்ற இடத்திலிருந்து ரெக்டரின் தோள் குலுங்குவது தெரிந்தது. அந்த மனிதரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.